த்ரோஃபியே: முறுக்கிய பாஸ்தாவும் அதை வேகவைக்கும் பக்குவமும்

இத்தாலியின் வடமேற்கில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் லிகூரியா மாநிலத்தின் த்ரோஃபியே என்ற முறுக்கிய பாஸ்தாவைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தோம். அதைச் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கடைகளில் சுருள் சுருளாகக் கிடைக்கும் ஃபுசில்லியைத்தான் லிகூரியாவில் த்ரோஃபியே என்கிறார்களா? இரண்டும் முறுக்கியவைதானே? (திருச்சி வாசகி)

பதில்: இரண்டும் வேறு வேறு. பெட்டிகளில் வரும் ஃபுசில்லி, இயந்திரத்தின் அச்சு வழியே பிதுக்கித் தள்ளப்பட்டு, திருகாணியின் புரிகளைப் போன்ற அகலமான மடல்களோடு வெளிவருவது. த்ரோஃபியே அதைவிடச் சிறியது. மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் நீளத்தில், நடுவில் சற்றே தடித்து, இரு முனைகளும் ஊசியாகக் கூம்பி, உடல் முழுவதும் ஒரு மெல்லிய பள்ளம் சுற்றிச் சுற்றி ஓடும்படி இருக்கும்.

கையால் முறுக்கும் பாஸ்தா இத்தாலியில் பல ஊர்களில் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு கருவி தேவைப்படுகிறது. தெற்கே சலேர்னோ மாவட்டத்தின் ஃபெலித்தோ ஊரில் மெல்லிய இரும்புக் கம்பியின் மேல் மாவை உருட்டி ஃபுசில்லி செய்கிறார்கள். சிசிலியின் த்ராப்பனியில் செய்யப்படும் புசியாத்தே ஒரு புல்லின் காய்ந்த தண்டில் சுற்றி எடுக்கப்பட்டு வந்தது. இப்போது அதற்கும் கம்பிதான். த்ரோஃபியேவுக்கோ ஒரு மரப்பலகையும் உள்ளங்கையும் போதும். லிகூரியாவின் தலைநகரான ஜெனோவாவுக்குக் கிழக்கே ரெக்கோ, சோரி, கமோலி ஆகிய சிற்றூர்கள் வரிசையாக அமைந்த கடலோரமே இதன் பிறப்பிடம். ஜெனோவா நகரத்து வீடுகளில் பெஸ்டோவோடு (பேசில் என்ற மணமுள்ள இலையைப் பூண்டு, பருப்பு, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெயோடு இடித்துச் செய்யும் பச்சைத் துவையல்) நெடுங்காலமாக உண்ணப்பட்டது த்ரெனெத்தே என்ற நீளமான தட்டைப் பாஸ்தாதான். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்தாலும் த்ரோஃபியேவைச் செய்ய முடிந்த பிறகே அது மாநிலம் முழுவதும் பரவி, இன்று பெஸ்டோ என்றாலே முதலில் நினைவுக்கு வரும் வடிவமாகிவிட்டது.

கேள்வி: த்ரோஃபியே மாவில் முட்டை சேர்க்க வேண்டுமா? நம் ஊர் மைதா சரிப்படுமா, அல்லது ரவைதான் வேண்டுமா? (காரைக்குடி வாசகி)

பதில்: முட்டை வேண்டாம். மாவும் தண்ணீரும் மட்டுமே. சிலர் ஒரு சிட்டிகை உப்புச் சேர்ப்பார்கள். வீட்டில் செய்யும் த்ரோஃபியேவுக்கு லிகூரியாவில் பெரும்பாலும் மென்கோதுமையின் வெள்ளை மாவையே எடுக்கிறார்கள் என்பதால் நம் மைதா நன்றாகவே சரிப்படும். உப்புமா ரவையை அப்படியே பயன்படுத்த முடியாது. அதன் பருமனான மணிகள் மாவை ஒட்டவிடாமல் முறுக்கும்போது அறுத்துவிடும். கொஞ்சம் கடிப்பு வேண்டும் என்பவர்கள் மிக நைசாக அரைத்துச் சலித்த ரவையை மைதாவில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் கலக்கலாம்.

கடையில் உலர்ந்த நிலையில் கிடைக்கும் த்ரோஃபியே வேறு மாவினால் ஆனது. உலர்பாஸ்தாவைக் கடினக் கோதுமை ரவையில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எனவே பெட்டியில் வாங்கியதும் கையால் செய்ததும் வடிவத்தில் ஒன்றாக இருந்தாலும், வேகும் நேரத்திலும் வாயில் உணரும் தன்மையிலும் வேறுபடும். ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் பயன்படுத்தினால் குழைந்துபோகும் அல்லது வேகாமல் நிற்கும்.

மலைப்பக்கத்து ஊர்களில் கோதுமையோடு செஸ்ட்நட் என்ற மரக்கொட்டையின் மாவைக் கலந்து செய்யும் பழக்கமும் இருக்கிறது. கோதுமை அரிதாக விளைந்த அந்தச் சரிவுகளில் செஸ்ட்நட்தான் ஏழைகளின் பசியை ஆற்றியது. பழுப்பு நிறமும் இலேசான இனிப்பும் கொண்ட அந்த த்ரோஃபியே, பெஸ்டோவின் உப்புக்கும் பூண்டுக் காரத்துக்கும் எதிராக நிற்கும்போது தனிச் சுவையாக இருக்கும்.

கேள்வி: கருவி இல்லாமல் எப்படி முறுக்குவது? படித்தால் புரியும்படி படிப்படியாக எழுத முடியுமா? (மதுரை வாசகி)

பதில்: நான்கு பேருக்கு 300 கிராம் மாவும் ஏறத்தாழ 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். முதலில் சொரசொரப்பாக இருந்த மாவு வழுவழுவென்று ஆன பிறகு ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் ஒதுக்கி வையுங்கள். இந்த ஓய்வைத் தவிர்த்தால் மாவு ரப்பர்போல் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். நீங்கள் போடும் முறுக்கு பலகையிலேயே பிரிந்துவிடும்.

அடுத்தது பலகை. வழவழப்பான கிரானைட் மேடையில் த்ரோஃபியே வராது. மாவு வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர உருளாது. பழைய மரப்பலகை, சப்பாத்திக் கட்டை போன்ற சற்றே சொரசொரப்பான மரப்பரப்பே மாவைப் பிடித்து நிறுத்தும். அதே காரணத்தால் பலகையில் உலர்மாவைத் தூவவும் கூடாது. ஒட்டுகிறது என்றால் பிசைந்த மாவில் ஈரம் அதிகம் என்று பொருள். பலகையில் மாவு தூவுவதைவிட, பிசைந்த மாவிலேயே இன்னும் கொஞ்சம் உலர்மாவைச் சேர்த்துப் பிசைவது நல்லது.

இப்போது கொண்டைக்கடலை அளவுக்கு ஓர் உருண்டையைக் கிள்ளி எடுத்துப் பலகையில் வையுங்கள். விரல்களை நீட்டி, உள்ளங்கையால் ஒருமுறை முன்னோக்கி உருட்டினால் இரு முனையும் கூம்பிய சிறு குச்சி ஒன்று கிடைக்கும். அது முதல் அசைவு. அடுத்து, கையைச் சற்றே செங்குத்தாகச் சாய்த்து, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள உள்ளங்கையின் விளிம்பை அந்தக் குச்சியின் மேல் வைத்து, உங்களை நோக்கிக் குறுக்குச் சாய்வாக இழுங்கள். நேராக இழுத்தால் குச்சி நீளுமே தவிர முறுக்கு விழாது. வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலைக்குப் போவதைப்போல் சாய்வாக இழுக்கும்போது, விளிம்பின் அழுத்தம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்ந்து, மாவு தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். இடக்கை பழக்கம் உள்ளவர்களுக்குத் திசை மாறும்.

அழுத்தத்தின் அளவு கையில்தான் படிய வேண்டும். குச்சி தட்டையாக நசுங்கினால் அழுத்தம் அதிகம். பள்ளம் விழாமல் வெறுமனே உருண்டால் குறைவு. முதல் சில பிடிகள் சீராக வராவிட்டாலும் ஒதுக்க வேண்டாம், அனைத்தும் ஒரே பருமனில் இருந்தால் ஒன்றாகவே வெந்துவிடும். வடிவத்தின் அழகைவிட, எல்லாமே ஒரே அளவில் இருப்பதுதான் சமையலுக்கு முக்கியம். செய்தவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிக்காமல், ரவை தூவிய துணியில் பரப்பி ஒருமணி நேரம் காயவிட்டால் முறுக்கு இறுகி நிற்கும்.

கேள்வி: பாஸ்தா வெந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, எண்ணெய் தடவி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். த்ரோஃபியேவுக்கும் அப்படித்தானா? வேகவைக்கும் முறையை முழுமையாகச் சொல்லுங்கள். (கோவை வாசகர்)

பதில்: அலசவும் வேண்டாம், எண்ணெய் தடவவும் வேண்டாம். வெந்த பாஸ்தாவின் மேல் படிந்திருக்கும் மெல்லிய மாவுப்பசைதான் சாறு ஒட்டுவதற்கான பிடிமானம். தண்ணீரில் அலசினால் அது போய்விடும். எண்ணெய் தடவினால் அதன் மேல் ஒரு வழுக்குப் படலம் விழுந்துவிடும். கைவலிக்க முறுக்கிப் பள்ளம் உண்டாக்கியதே அந்தப் பள்ளத்தில் பெஸ்டோ தங்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பயனை இழந்துவிட்டால் த்ரோஃபியே செய்வதில் பொருளே இல்லை.

தண்ணீருக்கு இத்தாலிய வீடுகளில் நினைவில் வைத்திருக்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அந்த ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு. பெஸ்டோவில் பாலாடைக்கட்டியின் உப்பும் இருப்பதால் நான் 7 அல்லது 8 கிராமோடு நிறுத்திக்கொள்வேன். உப்பைத் தண்ணீர் கொதித்த பிறகு போட்டாலும் முன்பே போட்டாலும் வேறுபாடு இல்லை. பாஸ்தா உள்ளே போவதற்குள் கரைந்திருக்க வேண்டும், அவ்வளவே.

லிகூரியாவில் த்ரோஃபியே பெரும்பாலும் தனியாக வேகுவதில்லை. அதே பானையில் உருளைக்கிழங்கும் இளம் பீன்ஸும் சேர்ந்து வேகும். நான்கு பேருக்கு ஒரு நடுத்தர உருளைக்கிழங்கைத் தோல்சீவி ஒன்றரைச் சென்டிமீட்டர் துண்டுகளாகவும், ஒரு கைப்பிடி பீன்ஸை த்ரோஃபியேயின் நீளத்துக்கும் நறுக்கிக்கொள்ளுங்கள். கொதிக்கும் உப்புநீரில் முதலில் பீன்ஸ், இரண்டு நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு. அதற்கு ஐந்தாறு நிமிடம் கழித்து, கிழங்கில் கத்தி முனை எளிதாக இறங்கும் நேரத்தில், புதிதாகச் செய்த த்ரோஃபியேயை மேலே தூவினாற்போல் போட்டு, அடியில் ஒட்டாதபடி ஒருமுறை கிளறுங்கள். கிழங்கின் ஓரங்கள் கரைந்து அந்தத் தண்ணீர் மேலும் கொழகொழப்பாகும். பிறகு பெஸ்டோவை ஒன்றுசேர்த்துப் பிடிப்பதற்கு அதுவே உதவும். பலர் இந்தக் கிழங்கை வெறும் சேர்மானமாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். எனக்கோ அது இல்லாத த்ரோஃபியே பாதிச் சமையலாகவே தோன்றுகிறது.

புதிய த்ரோஃபியே சீக்கிரமே மேலே மிதக்கத் தொடங்கும். மிதந்ததாலேயே வெந்துவிட்டது என்று இறக்கிவிடாதீர்கள். முனைகள் மெல்லியவை, நடுப்பகுதி தடித்தது என்பதால் முனை வெந்தபோது நடுவில் பச்சை மாவு இருக்கும். மிதந்த பின் இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒன்றை எடுத்து நடுவில் கடித்துப் பாருங்கள். மாவு வாடை போய், பல்லுக்கு இலேசாக எதிர்ப்புத் தருமானால் அதுவே பதம். மொத்தம் ஐந்தாறு நிமிடம் ஆகும். கடையில் வாங்கிய உலர்ந்த த்ரோஃபியேவுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். உறையில் உள்ள நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்தே சுவைத்துப் பார்க்க வேண்டும். உலர்ந்ததைப் போடும்போது பீன்ஸையும் கிழங்கையும் அதோடு சேர்த்தே போடலாம். எதுவானாலும் குழைய விட்டால் முறுக்கு பிரிந்து, கூம்பிய முனைகள் உதிர்ந்துவிடும்.

இறக்கும் முன் பாஸ்தா வெந்த நீரில் ஒரு குவளை எடுத்து வைத்துக்கொள்வது கட்டாயம். பெஸ்டோவை அகலமான பாத்திரத்தில் போட்டு, அந்த நீரில் இரண்டு மூன்று கரண்டி விட்டுக் குழைத்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். சோறு வடிப்பதைப்போல் பாஸ்தாவைச் சொட்டச் சொட்ட வடித்துக் காயவிடாமல், துளைக்கரண்டியால் அள்ளி, ஈரம் இருக்கும்போதே காய்களோடு பெஸ்டோவில் போட்டுப் புரட்ட வேண்டும். பாத்திரத்தை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது. பெஸ்டோ சூடேறினால் பேசில் இலையின் பச்சை மணம் வெந்த கீரை வாடையாக மாறும்; பாலாடைக்கட்டி திரிந்து கட்டிகட்டியாக நிற்கும்.

கேள்வி: பெஸ்டோவுக்கு இத்தாலிய பேசில் கிடைக்கவில்லை. துளசி போடலாமா? திருநீற்றுப்பச்சிலை போடலாமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: துளசி வேண்டாம். அது வேறு இனம். அதன் கிராம்புக் காரம் பாலாடைக்கட்டியோடு சேரவே சேராது. திருநீற்றுப்பச்சிலையோ இத்தாலிய பேசிலின் இனத்தைச் சேர்ந்ததே. சப்ஜா விதை தருவதும் அந்தச் செடிதான். ஆயினும் ஒரே இனத்துக்குள்ளும் மணம் மாறும். நம் ஊரில் வளர்வதில் சோம்பு வாடை தூக்கலாக இருப்பது வழக்கம். பூ விடுவதற்கு முன், மேல் நுனியில் உள்ள இளந்தளிர்களை மட்டும் கிள்ளி எடுத்தால் அந்த வாடை குறைவாக இருக்கும். இயன்றால் இத்தாலிய வகை விதையை வாங்கித் தொட்டியில் விதைத்து விடுங்கள், வெயிலும் தண்ணீரும் இருந்தால் எளிதாக வளரும்.

இளமை என்பதில் ஜெனோவாக்காரர்கள் மிகவும் கண்டிப்பானவர்கள். நகரின் மேற்குப் பகுதியான ப்ராவில் கண்ணாடிக்குடில்களில் வளரும் செடிகளைச் சில இலைகள் விட்ட பருவத்திலேயே வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள். முற்றிய பெரிய இலையில் புதினா வாடை ஏறிவிடும் என்பதே அதற்குக் காரணம். ஜெனோவாவின் பேசிலுக்கு 2005-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் கிடைத்திருக்கிறது.

கேள்வி: மிக்சியில் அரைத்தால் பெஸ்டோ கறுத்துப் போகிறது. இடித்துத்தான் செய்ய வேண்டுமா? (சேலம் வாசகி)

பதில்: இலையின் திசு கிழிந்து காற்றுப் பட்டதும் அதில் உள்ள நொதிகள் வேலை செய்யத் தொடங்கி நிறம் மாறுகிறது; மிக்சியின் வேகமும் அது எழுப்பும் சூடும் அதை விரைவுபடுத்துகின்றன. பளிங்கு உரலும் மர உலக்கையும் சூட்டை எழுப்புவதில்லை. ஜெனோவாவின் துக்காலே மாளிகையில் 2007 முதல் நடந்துவரும் உலக பெஸ்டோப் போட்டியில் நூறு போட்டியாளர்களும் உரலிலேயே செய்கிறார்கள்.

நம் வீட்டுக் கல்லுரலும் போதும், ஆனால் மிளகாய் மசாலா இடித்த வாசம் இருக்கக் கூடாது. முதலில் இரண்டு பல் பூண்டும் சில கல்லுப்பும் சேர்த்து விழுதாக்குங்கள். பிறகு ஒரு கைப்பிடி பைன் பருப்பு. அதன் பிறகே, கழுவி முழுக்க ஈரம் போக உலர்த்திய 50 கிராம் இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக. ஓங்கிக் குத்தாமல், உலக்கையை உரலின் சுவரோடு தேய்த்துச் சுழற்றினால் இலை நசுங்கிப் பச்சைச் சாறு கசியும். கடைசியில் ஆறு மேசைக்கரண்டி துருவிய பார்மிஜியானோ ரெஜியானோ (பசும்பாலின் முதிர்ந்த பாலாடைக்கட்டி), இரண்டு மேசைக்கரண்டி பெக்கோரினோ (செம்மறியாட்டுப் பாலின் பாலாடைக்கட்டி), அரைக் குவளை ஆலிவ் எண்ணெய். லிகூரியாவின் தாஜியாஸ்கா ஆலிவிலிருந்து வரும் எண்ணெய் சாந்தமானது. நீங்கள் வாங்கும்போதும் தொண்டையைக் கரகரக்க வைக்கும் காரமான எண்ணெயைத் தவிருங்கள். மிக்சிதான் கதி என்றால், ஜாரையும் எண்ணெயையும் முன்கூட்டியே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, தொடர்ந்து ஓட்டாமல் விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பார்மிஜியானோ சேர்க்கலாமா? பைன் பருப்பின் விலையும் கட்டுப்படியாகவில்லை. (கும்பகோணம் வாசகி)

பதில்: இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பார்மிஜியானோ ரெஜியானோவுக்கான விதிப்படி பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். சார்தீனியாத் தீவின் ஃபியோரே சார்தோ என்ற பெக்கோரினோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. எனவே கண்டிப்பான சைவர்களுக்கு இவை இரண்டும் ஆகா. நுண்ணுயிரிலிருந்து பெற்ற உறைபொருளால் செய்யப்பட்ட கெட்டியான, முதிர்ந்த பாலாடைக்கட்டிகள் நம் நாட்டிலும் செய்யப்படுகின்றன. உறையில் அந்தக் குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். வெள்ளைப் பன்னீரும் பதப்படுத்திய சீஸ் கட்டிகளும் மாற்றாகா. அவற்றில் அந்த முதிர்ந்த உப்புச்சுவை இல்லை.

பைன் பருப்புக்குப் பதிலாக வறுக்காத முந்திரி போடலாம். வால்நட்டும் பொருந்தும், சற்றே கசப்பு ஏறும்.

கேள்வி: வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூள் போட்டுத் தாளித்து த்ரோஃபியே செய்தால் என்ன? (சென்னை வாசகர்)

பதில்: செய்யலாம், சுவையாகவும் இருக்கும். ஆனால் துண்டு துண்டாக நிற்கும் தக்காளி மசாலா த்ரோஃபியேயின் மெல்லிய பள்ளத்தில் உட்காராது; அதற்கு அகன்ற மடல் கொண்ட ஃபுசில்லியே ஏற்றது. தக்காளி கட்டாயம் வேண்டும் என்பவர்கள் த்ராப்பனி ஊரின் பெஸ்டோவைச் செய்து பாருங்கள். பாதாம், பூண்டு, பேசில், தோல் நீக்கிய, சமைக்காத பழுத்த தக்காளி ஆகியவற்றைச் சேர்த்து இடித்து எண்ணெய் விட்டுக் குழைப்பார்கள். அங்கே அதைப் புசியாத்தேவோடு உண்பார்கள்.

கேள்வி: மிஞ்சிய மாவையும் பெஸ்டோவையும் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? (புதுச்சேரி வாசகி)

பதில்: மாவை வைத்திருக்க வேண்டாம், முழுவதையும் முறுக்கிவிடுங்கள். முறுக்கிய த்ரோஃபியேயைத் தட்டில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, கல்போல் இறுகிய பிறகு பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் நன்றாக இருக்கும். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிநீரில் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள்.

பெஸ்டோவைச் சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து, மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் விட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வெளியே வைக்கவே கூடாது. பச்சைப் பூண்டும் இலையும் எண்ணெய்க்கு அடியில் காற்றுப் படாமல் அறைச் சூட்டில் கிடந்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்; அதன் நச்சு நிறத்திலும் மணத்திலும் காட்டிக்கொடுக்காது. நெடுநாள் வேண்டுமானால் பாலாடைக்கட்டி சேர்க்காமல் பனிக்கட்டித் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்து, பரிமாறும் நாளில் இளக்கி, பாலாடைக்கட்டியைத் துருவிக் கலந்துகொள்ளுங்கள்.